கை மாறிய எழுத்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரும் மனுக்களைப் பாருங்கள். பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ பாதைத் தகராறோ, பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையில் தட்டி லேசர் பிரிண்டரில் எடுத்த ஒரு பக்கம்தான். மனுதாரர் தன் கையால் எழுதியது அடியில் இருக்கும் கையொப்பம் மட்டும். சிலவற்றில் அதுவும் இல்லாமல் பெருவிரல் ரேகை.

கையெழுத்து போய்த் தட்டச்சு வந்தது என்றால் பேனா இருந்த இடத்தில் விசைப்பலகை வந்தது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறோம். எழுதும் ஆளே மாறிவிட்டார் என்பதுதான் அதைவிடப் பெரிய மாற்றம். ஒருவர் தன் பெயரைத் தானே எழுதிய காலத்தில் 'ள'வா 'ழ'வா என்பதில் அவர் கைக்குச் சந்தேகம் கிடையாது. இன்று அதே பெயரைக் கடைக்காரர் தட்டுகிறார், இ-சேவை மைய ஊழியர் தட்டுகிறார், பாதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. எழுதும் வேலை நம்மை விட்டுப் போனது. சரிபார்க்கும் வேலை நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்வது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

தொடக்கம் கணினி அல்ல, தட்டச்சுப்பொறி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கான விசைப்பலகையை வகுத்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க வேண்டும். அடித்தாலும் தாளைச் சுமந்து நகரும் கேரியேஜ் நகராத விசைகளைப் புள்ளி போன்ற குறிகளுக்கு வைத்ததுதான் அதன் சூட்சுமம். 'க்' வேண்டுமென்றால் முதலில் புள்ளி, பிறகு 'க'. புள்ளி விழுந்த இடத்துக்குக் கீழேயே எழுத்து வந்து உட்காரும். 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, 'க', கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். இந்த வரிசையில் பழகிய விரல்கள் பின்னாளில் கணினிக்கு வந்தபோது ஏன் தடுமாறின என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

ஊருக்கு நாலு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலத்தில் பத்தாவது முடித்த கையோடு 'லோயர்' எனும் கீழ்நிலைத் தட்டச்சுத் தேர்வுக்குச் சேர்வது வழக்கம். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று முதல் பாடம் வாரக்கணக்கில் ஓடும். ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஐந்து தட்டு ஒரு சொல் என்பது கணக்கு. ஆகப் பத்து நிமிட வேகத் தேர்வில் லோயருக்கு 1,500 தட்டு, ஹையருக்கு 2,250. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்கு இந்தச் சான்றிதழ் இன்றும் தேவை. பொறியோ போய்விட்டது: 1955இல் இந்தியத் தட்டச்சுப்பொறியைக் கொண்டுவந்த கோத்ரேஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

அந்தக் காலத்திலும் ஒருவர் எழுதிக் கொடுப்பார், இன்னொருவர் தட்டுவார். ஆனால் கையால் எழுதிய வரைவு ஒன்று பக்கத்திலேயே இருக்கும். பிழை வந்தால் எது மூலம், எது நகல் என்று ஒப்பிட முடியும். கணினி வந்த பிறகு அந்த வரைவே இல்லாமல் போயிற்று. மனுதாரர் வாயால் சொல்லச் சொல்லக் கடைக்காரர் திரையிலேயே எழுதுகிறார். ஒப்பிட ஒன்றுமில்லை.

கணினியிலேயே பக்கம் அமைத்து அச்சுக்குத் தந்த 1990களின் டி.டி.பி. காலம் வேறொரு சிக்கலை விட்டுச் சென்றது. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனாலோ வாட்ஸ்அப்பில் ஒட்டினாலோ அந்த ஆங்கில எழுத்துகள்தான் வெளியே வரும். பழைய திருமணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்கத் தீர்மானப் புத்தகம் என்று அந்தக் காலத்துக் கோப்புகள் பலரிடம் திறந்தும் படிக்க முடியாமல் கிடக்கின்றன.

அவற்றை மீட்க முதலில் எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க வேண்டும். வரியைத் தேர்ந்தெடுத்தால் வேர்டின் மேல்பட்டையில் பெயர் தெரியும். பாமினியா, வானவில்லா என்று தெரியாமல், பழைய எழுத்துருவை இன்றைய முறைக்கு மாற்றித் தரும் மென்பொருளான மாற்றியில் போட்டால் கிடைப்பதும் குப்பைதான். மாற்றியில் ஒட்டும் முன் நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் தனியே எடுத்து வையுங்கள்; இல்லையென்றால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். மாற்றிய பிறகு மேற்கோள் குறிகள், 'ஸ்ரீ', 'ொ', 'ோ' வரும் சொற்களை வரிவரியாகப் பார்க்க வேண்டும். மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. முடிந்தால் பழைய கணினியிலேயே அதைப் பி.டி.எஃப். ஆகவும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுதான் இருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைப்பலகை உருவானது. 2010 ஜூனில் எந்தக் கணினியிலும் ஓர் எழுத்துக்கு ஒரே குறியீடு என்று வகுத்த யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தன் தர முறையாக ஏற்றது. இரண்டும் வந்து இத்தனை ஆண்டு கழித்தும் தமிழ்99 தெரிந்தவர்கள் குறைவு என்பது வருத்தமான செய்தி. கணினித் தமிழுக்கென்றே யோசித்துச் செய்த விசைப்பலகை அது ஒன்றுதான் கையில் இருக்கிறது.

அதன் அமைப்பு எளிது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி'. அதிகம் பயன்படும் க, ப, ம, த, ந ஐந்தும் வலக்கை விரல்கள் ஓய்ந்திருக்கும் நடுவரிசையிலேயே இருக்கின்றன. புள்ளி இருப்பது எஃப் விசையில். இடக்கை ஆள்காட்டி விரலுக்கு அடையாளமாகச் சிறு மேடு இருக்குமே, அதே விசை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். 'ங'வுக்குப் பின் 'க', 'ந'வுக்குப் பின் 'த', 'ண'வுக்குப் பின் 'ட', 'ம'வுக்குப் பின் 'ப' வந்தாலும் அப்படியே.

ஒரு சொல்லை எடுத்து எண்ணிப் பார்க்கலாம்: திருப்பாதிரிப்புலியூர். கண்ணுக்கு 11 எழுத்து. தமிழ்99இல் த, இ, ர, உ, ப, ப, ஆ, த, இ, ர, இ, ப, ப, உ, ல, இ, ய, ஊ, ர, புள்ளி என்று 20 தட்டு. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் 23. மூன்று தட்டுதானே என்று தோன்றும். மிச்சம் மூன்றல்ல: தமிழ்99இல் 'ல' அடித்தால் 'ல'தான் வரும், அடுத்து என்ன வரும் என்று திரையைப் பார்த்து மூன்று யோசனைகளில் ஒன்றைத் தொட வேண்டியதில்லை. கண் தாளில் இருக்க, விரல் தன்பாட்டுக்கு ஓடும்.

பழகுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் 'பப்பாளி'. 'ப'வை மூன்று முறை அடித்தால் 'ப்பப' என்று வந்து நிற்கும். முதல் 'ப'வுக்குப் பிறகு 'அ' விசையை ஒருமுறை தட்டி, அதன்பின் 'ப', 'ப', 'ஆ' அடிக்க வேண்டும். 'தத்தளிப்பு', 'கக்கன்' எல்லாவற்றுக்கும் இதே வழி. இந்த ஒரு விதி தெரியாமல், தமிழ்99 ஒத்துவரவில்லை என்று விட்டவர்கள் ஏராளம்.

கணினிக்குள் அதே ஊர்ப்பெயர் 22 குறியீடு. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. திருப்பாதிரிப்புலியூர் என்று எழுதினாலே 22 போய்விடும். கைபேசியில் தமிழைத் தமிழெழுத்தில் எழுதும் வழக்கம் தொடக்கத்திலேயே தளர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அன்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகிய விரல்கள் இன்று வசதி வந்த பிறகும் திரும்பவில்லை.

அதன் விளைவு எழுத்துப் பிழையாக வெளியே வருகிறது. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ன, ண, ந மூன்றுக்கும் வேறுபாடு மங்கலாகத்தான் இருக்கும். மென்பொருள் அதிகம் வரும் சொல்லை முதலில் நீட்டும், அவசரத்தில் தொட்டுவிடுவோம். திருமணப் பத்திரிகையில் 'மணமகள்' 'மனமகள்' ஆவது இப்படித்தான். கையால் எழுதுகிறவரும் தப்பு செய்வார். ஆனால் அது அவருக்குத் தெரியாத எழுத்தில் வரும் தப்பு. இது தெரிந்தவரிடமிருந்தே வருகிறது.

இன்னொரு வகைப் பிழை கண்ணுக்கே தெரியாது. 'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுப்பொறியில் கொம்பு, 'க', 'ள' என்று அடித்துப் பழகியவர்கள் கணினியிலும் 'கெளரி' என்றே அடிக்கிறார்கள். தாளில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். கணினிக்கோ அது கெ, ள, ரி என்ற வேறு சொல். பட்டியலில் 'கௌரி' என்று தேடினால் அந்தப் பெயர் அகப்படாது. சோதிக்க ஒரு வழி உண்டு: 'கௌ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'க' மிஞ்சினால் சரி, 'கெ' மிஞ்சினால் அங்கே இருப்பது 'ள'.

காலுக்குப் பதில் 'ர' அடிப்பதும் இதே இனம். ஓலைச்சுவடியில் புள்ளியும் கிடையாது, காலுக்கும் 'ர'வுக்கும் வேறுபாடும் கிடையாது. படிப்பவர் பொருளை வைத்துப் பிரித்துக்கொள்வார். மனிதர் படித்தவரை அது நடந்தது. கணினி பொருள் பார்த்துத் தேடுவதில்லை, குறியீட்டைப் பார்த்துத் தேடுகிறது.

புதுச்சேரியில் இந்தத் தொல்லை இன்னொரு மடங்கு. பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு முறையில் எழுதப்பட்டவை. உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு ஆங்கில எழுத்து. கடைசியில் ஒலிக்காத ஈ ஒன்று. முருகன் என்ற பெயரில் அந்த இரட்டை எழுத்து இரண்டு முறை வரும். பெற்றோர் ஆவணத்திலிருந்து பிள்ளைகள் ஆவணத்துக்கு அதே எழுத்துக்கூட்டல் தொடர்ந்து வந்திருக்கிறது. அதைத் தானியங்கி ஒலிபெயர்ப்பில் போட்டால் 'மௌரௌகனே' என்பது போல ஏதாவது வந்து நிற்கும். உழவர்கரை, வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்ப்பெயர்களுக்கும் பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் தனியாக உண்டு. 2006 அக்டோபரில் பெயர் மாறியதால் பாண்டிச்சேரி, புதுச்சேரி என்ற இரண்டு வடிவமும் ஒரே குடும்பத்தின் சான்றிதழ்களில் கலந்து கிடக்கும். பழைய ஆவணத்தைத் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேட வேண்டும்.

ஆகவே இ-சேவை மையத்துக்கோ பத்திர எழுத்தரிடமோ போகும் முன் வீட்டிலேயே ஒரு தாளில் கையால் எழுதி எடுத்துப் போங்கள்: பெயர் தமிழில், அதே பெயர் ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலில், தந்தை பெயர், முன்னெழுத்து, ஊர், சர்வே எண். வாயால் சொல்லாமல் தாளைக் கொடுங்கள். சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பார்க்கும்போது முழுப் பெயரையும் ஒரே மூச்சில் படித்தால் மூளையே பிழையைத் திருத்திப் படித்துவிடும். எழுத்தெழுத்தாகக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். ல-ள-ழ, ன-ண-ந, ர-ற இடங்களில் விரல் வைத்து நிறுத்துங்கள். முன்னெழுத்து பெயருக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, நடுவில் புள்ளியா இடைவெளியா என்பதும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும். சொத்துப் பத்திரத்தில் இது இன்னும் முக்கியம். பதிவான பிறகு ஓர் எழுத்தைத் திருத்தக்கூடத் தனியாகப் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டிவரும்.

கை இன்னும் விடாத இடங்களும் உண்டு. காசோலையில் பெயரிலோ தொகையிலோ அடித்தல் திருத்தல் இருந்தால், பிம்பம் எடுத்துத் தீர்வு செய்யும் இன்றைய முறையில் வங்கி ஏற்காது; புதிய தாள்தான். உயில் கையால் எழுதியதாகவும் இருக்கலாம், தட்டியதாகவும் இருக்கலாம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்பது எழுதியவர் கையொப்பமும் இரண்டு சாட்சிகள் கையொப்பமும்தான். ஆனாலும் முழுதும் தன் கையால் எழுதிய உயிலுக்கு ஒரு பலம் உண்டு: வழக்கு வந்தால் கையெழுத்து நிபுணர் ஒப்பிட ஒரு கையொப்பத்துக்குப் பதில் பக்கம் முழுக்க எழுத்து இருக்கும்.

தாளும் மையும் பற்றி இந்தக் கடற்கரையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியது. கூரை போன வீட்டில் பெட்டியில் இருந்த தாளும் தப்பாது. மைப்பேனா எழுத்தும் இங்க்ஜெட் அச்சும் பெரும்பாலும் நீரில் கரையும் சாயம், நனைந்தால் ஓடிவிடும். பால்பாயின்ட் பேனாவின் மை எண்ணெய் சார்ந்தது, பெரும்பாலும் நிற்கும். லேசர் அச்சு என்பது சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டிய பிளாஸ்டிக் தூள். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தாள் கிழியும். நனைந்த தாளை வெயிலில் போடாதீர்கள், சுருண்டு வெளுத்துவிடும். மின்விசிறிக் காற்றில், தாளுக்குத் தாள் நடுவே மை ஒற்றும் தாளோ அச்சில்லாத வெள்ளைத் தாளோ வைத்து உலர்த்துங்கள். இரண்டு நாளைக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஏ.டி.எம். சீட்டு, சில கடை ரசீது போன்ற வெப்ப அச்சுத் தாள்கள் நனையாமலே வெளுத்துவிடும். தேவையானதை அன்றே நகலெடுத்துவிட வேண்டும்.

டிஜிட்டலில் வைத்தால் போதாதா என்றால், ஓரளவு போதும். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறையே வழங்கிய சான்றிதழ் சட்டப்படி மூலத்துக்குச் சமம். நாமே படமெடுத்து ஏற்றியது அப்படியல்ல. இந்த வேறுபாடு தெரியாமல், எல்லாம் கைபேசியில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். காலம் தாண்டி நிற்பது எது என்றும் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பு 1761 வரை போகிறது. பிற்காலத்தில் படியெடுத்தும் காத்ததால் இன்றும் வாசிக்கிறோம். அதே ஊரில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தச் சுவடியைப் பார்க்கக் கண் போதும். இருபது ஆண்டுக்கு முந்தைய ஃபிளாப்பியைப் பார்க்க அதற்கான டிரைவ் வேண்டும், மென்பொருள் வேண்டும், சரியான எழுத்துருவும் வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். நார்வேயில் ஆய்வாளர் ஆட்ரி வான் டெர் மீர் குழு 36 மாணவர்களின் மூளை மின்னலைகளை 256 உணரிகள் கொண்டு பதிவுசெய்து 2024இல் வெளியிட்டது. கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு விரிவாக இருந்தது, தட்டும்போது அப்படி இல்லை. இதை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்: மாணவர்கள் எழுதியது தாளில் அல்ல, தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால், தட்டியது ஒரே ஒரு விரலால். பத்து விரலில் தட்டுபவருக்கும் இதே முடிவு வரும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. பேனா பிடித்து வளைவை வரைவதில் ஏதோ இருக்கிறது என்பதுவரை உறுதி. எழுத்தே தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பொருந்துவது போல் வளர்ந்தவருக்குப் பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை ண, ன, ந வேறுபாடு சுழிகளில் இருக்கிறது. அந்தச் சுழியைப் போட்டுப் பழகாத கை, திரையில் வரும் யோசனைகளில் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? முதல் மூன்று வகுப்பில் இரட்டைக்கோடு நோட்டில் எழுதுவதைக் குறைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெரிய வகுப்பில் சிக்கல் வேறு. வீட்டுப்பாடம், திட்ட அறிக்கை எல்லாம் தட்டச்சில் போக, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மட்டும் மூன்று மணி நேரம் கையால் எழுத வேண்டியதாக இருக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கத் தொடங்கும். பேனாவை இறுக்கிப் பிடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். முனையிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, விரலால் மட்டும் எழுதாமல் முன்கையையும் நகர்த்தி எழுதப் பழக வேண்டும். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வாரம் ஒரு முழு விடைத்தாளை நிறுத்தாமல் எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும். கடைசி வாரத்தில் தொடங்கினால் வலிதான் மிஞ்சும்.

தட்டச்சையும் அதே மாணவர் ஆறாம் வகுப்பிலிருந்தே சரியாகக் கற்கலாம். விண்டோஸ் 10, 11இல் அமைப்புகளுக்குள் நேரமும் மொழியும் என்ற பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். முதல் வாரம் நடுவரிசை மட்டும்: அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந. இந்தப் பத்திலேயே பல சொல் வரும், 'மகிமை' போன்றவை மட்டும் வராது. ஐகாரம் மேல்வரிசையில் இருப்பதால் அது அடுத்த வாரம். விசைகளில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே நின்றுவிடும். படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள்.